செல்லும்

மண்டபத்துக்காரருக்கு விளங்கவில்லை. நோட்டீஸில் ‘தத்துவப் பேராசிரியர் பேசுகிறார்’ என்று இருந்ததை ஒருமுறை வாசித்துவிட்டு, “சாமியாரா சார்?” என்று கேட்டார்.

காரியாபட்டியில் அப்படிக் கேட்பது தப்பில்லை. பக்கத்தில்தான் திருச்சுழி; 1879-இல் ரமண மகரிஷி பிறந்த ஊர். எங்கள் பக்கம் தத்துவம் என்றால் கோவணமும் மௌனமும்தான் நினைவுக்கு வரும். “இல்லண்ணே, மதுரையில காலேஜ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஜனநாயகத்துக்கு என்னென்ன ஆபத்து வரும்னு பேசப்போறாரு” என்றேன். சாமியாராக இருந்திருந்தால் வாடகையில் பாதியைத் தள்ளியிருப்பார். ஜனநாயகம் என்றதும் முகம் இறுகிப்போய், “கரண்டு பில்லு தனி” என்றார்.

2006 நவம்பர் 25, சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். கூட்டத்தை நடத்திய நாங்கள் என்றால் நாலைந்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள், ஒரு தபால்காரர், தையல் கடை வைத்திருந்த ஒரு நண்பர். மாதம் ஒருமுறை தையல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். எங்கள் வட்டத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. பெயர் வைப்பதில் சண்டை வந்து அப்படியே விட்டுவிட்டோம். அந்தத் தேதியைப் பிடித்துக் கொடுத்தது தபால்காரர். 1949-இல் அதே நவம்பர் 25 அன்றுதான் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் நிறைவுரை ஆற்றினார்; மறுநாள் அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. “நாடே நாளைக்குச் சிரிக்கப்போவுதுன்னு இருக்கும்போது அந்த மனுசன் மட்டும் இன்னிக்கு எச்சரிச்சிட்டுப் போயிருக்காரு பாருங்க” என்பார் தபால்காரர்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. காரியாபட்டியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரிசல்காட்டு ஊரில் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். மழை பெய்தால் சைக்கிள் மட்கார்டுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது; சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாத்தியார் வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும். மழை பெய்யாவிட்டால் வேலிக்கருவை வெட்டி மூட்டம் போட்ட கரிப்புகை வகுப்புக்குள் வரும். பருத்தி, மிளகாய், கம்பு, குதிரைவாலி, எல்லாம் மானாவாரி. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கட்டடம் ஊராட்சி அலுவலகம். என் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் அதன் வராண்டா தெரியும். இந்தக் கதையில் பாதி அந்த ஜன்னலால் வந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் உள்ளாட்சித் தேர்தல் முடிந்திருந்தது. எனக்கு வேறு ஒன்றியத்தில் தேர்தல் பணி. வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று ஒரே ஆளுக்கு நான்கு நிறத்தில் நான்கு சீட்டு. ஒரு பெரியவர் நான்கையும் வாங்கி விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, “எதுக்குய்யா இத்தனை? ஒண்ணு குடு, போதும்” என்றது இன்னும் நினைவிருக்கிறது. நான் சட்டம் சொன்னேன். மனிதர் மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைவர் சீட்டை மட்டும் குத்திப் போட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தேர்தல் சாதாரணத் தேர்தலும் அல்ல. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் மதுரை மாவட்டம். நான்காவதான கொட்டக்கச்சியேந்தல் எங்கள் விருதுநகர் மாவட்டம். 1996-இல் இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்து வருடம் அங்கே உருப்படியாக ஒரு தலைவர் கிடையாது. மனுத் தாக்கல் செய்ய ஆளை விடமாட்டார்கள். சில இடங்களில் மனுப் போட்டு ஜெயித்தவரே உடனே ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிடுவார். பக்கத்தில் மேலவளவில் அதையும் மீறித் தலைவரான முருகேசனை, கூட இருந்த ஐந்து பேரோடு, 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் கழித்து, 2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் ஒருவழியாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். முதலமைச்சர் கருணாநிதி அந்த நவம்பரில் நால்வரையும் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா நடத்தினார். பேப்பரில் படம் வந்திருந்தது. எங்கள் தையல் கடையிலும் அதை வெட்டி ஒட்டியிருந்தோம்.

நான் வேலை பார்த்த ஊரிலும் தலைவர் பதவி ஒதுக்கீடுதான், அதுவும் பெண்ணுக்கு. எங்கள் ஊரில் ஒரு கலவரமும் இல்லை. ஊர்க்கூட்டம் போட்டு, தோட்டத்தில் களையெடுக்க வரும் ஓர் அம்மாவை நிற்கச் சொன்னார்கள். வேறு யாரும் மனுப் போடவில்லை. போட்டியில்லாமல் வந்துவிட்டார். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும், நானும்தான், “நம்ம ஊரு பரவாயில்லப்பா, வம்புதும்பு இல்லாம முடிச்சிட்டாங்க” என்று பேசிக்கொண்டோம்.

கூட்டத்தன்று மத்தியானம் ஒரு பாட்டம் மழை பெய்து வெறித்திருந்தது. பேராசிரியர் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் மஞ்சள் பையுமாக, குட்டையைத் தாண்டித் தாண்டி வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கார் வைத்து அழைத்து வர எங்களிடம் காசு இல்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தோம். “நான் கார் கேட்டேனா தம்பி?” என்று அவர் பதில் போட்டிருந்தார்.

அறுபது பேர் வந்திருப்பார்கள். தலைப்பைப் பார்த்து, யாரைத் திட்டப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எல்லாக் கட்சியிலிருந்தும் ஆள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மஃப்டியில் ஓர் உளவுப்பிரிவுக்காரர் டைரியும் பேனாவுமாகத் தூண் ஓரம். இரண்டாவது வரிசையில் எங்கள் ஊர்த் துணைத்தலைவர். மைக்செட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் அவர்தான். மண்டபத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டி, புளியமரத்தடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஸ்பீக்கர் குழாய் ஒன்றை வெளியே பார்த்துக் கட்டியிருந்ததால் அங்கே நன்றாகக் கேட்கும். தையல்காரர் போய், “உள்ள சேர் இருக்கு, வாங்க” என்று கூப்பிட்டார். “இருக்கட்டும்ண்ணே, காத்து நல்லா வருது” என்றார்கள். ஈரமரத்தின் அடியில் நவம்பர் மாதம் என்ன காற்று?

பேராசிரியர் உத்திரமேரூரிலிருந்து ஆரம்பித்தார். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, பானைக்குள் ஓலையைப் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது என்று சொல்லச் சொல்ல முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நமக்குத் தேர்தல் தெரியும் என்பது மேடையில் கைதட்டு வாங்கும் விஷயம், வாங்கவும் செய்தது. கைதட்டல் அடங்கட்டும் என்று நின்றவர், “சரி, யார் பேரை ஓலையில எழுதுவாங்க தெரியுமா?” என்று கேட்டார். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் தெரிந்திருக்கவேண்டும். “இந்த மண்டபத்துல எத்தனை பேர் ஓலை பானைக்குள்ள விழும்? என் ஓலை விழாது” என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசை மறுபடி சாய்ந்துகொண்டது.

ஏதென்ஸையும் சாக்ரடீஸையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். சர்வாதிகாரி யாரும் அந்த மனிதருக்கு விஷம் கொடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த ஐந்நூறு குடிமக்கள் வாக்களித்துத்தான் கொடுத்தார்கள் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நவம்பர் 25-க்கு வந்தார்.

அம்பேத்கர் அன்றைக்கு ஒரு கணக்கோடு ஆரம்பித்தாராம். சபை கூடி இரண்டு வருடம், பதினொரு மாதம், பதினேழு நாள் ஆகியிருந்தது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அதில் சபையில் உண்மையில் முன்மொழியப்பட்டவை 2,473. “ஒரு வார்த்தையை மாத்தணும்னா ஏழாயிரம் தடவை கேட்டிருக்காங்க. கேட்டதுக்கெல்லாம் ஒருத்தர் பதில் சொல்லியிருக்காரு. நாம என்ன பண்றோம்? ஊர்ல நாலு பேரு கூடி முடிவு எடுத்துட்டு, ஐந்தாவது ஆளுகிட்ட ‘என்னப்பா, சரிதானே?’ன்னு கேக்குறோம். அவனும் சரிங்கிறான்.”

அம்பேத்கரின் மூன்று எச்சரிக்கைகளையும் அவர் சொன்னார். சுதந்திர நாட்டில் காரியம் சாதிக்கச் சட்ட வழி இருக்கும்போது அராஜக வழிகளைக் கைவிட்டுவிட வேண்டும் என்பது முதலாவது. அதில் அவர் தங்கவில்லை. இரண்டாவது, எவ்வளவு பெரிய தலைவரானாலும் அவர் காலடியில் நம் சுதந்திரத்தைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது என்பது. பக்தி மதத்தில் ஆன்மாவைக் கரையேற்றலாம், அரசியலில் சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று அம்பேத்கர் சொன்னதை அவர் தன் வார்த்தையில் சொன்னபோது, மூன்று கட்சிக்காரர்களும் மற்ற இரண்டு கட்சிக்காரர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இதே மண், 1977-இல் எம்.ஜி.ஆரை அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயிக்கவைத்து முதலமைச்சராக அனுப்பிய மண். பக்தியைப் பற்றி எங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதில்தான் அவர் தங்கினார். குரல் உயரவேயில்லை, மைக்கை விட்டு ஒதுங்கிப் போய்விட்டதால் தையல்காரர் ஓடிப்போய்க் கம்பியைத் திருப்பிவைத்தார். 1950 ஜனவரி 26 அன்று நாம் ஒரு முரண்பாட்டுக்குள் காலெடுத்து வைக்கப்போகிறோம் என்று அம்பேத்கர் சொன்னாராம். ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் எல்லோரும் சமம். பெட்டியை விட்டு நாலடி தள்ளி வந்துவிட்டால் சமம் இல்லை. இது ரொம்ப நாள் ஓடாது. சீக்கிரம் சரிசெய்யாவிட்டால், சமமில்லாதவர்கள் இந்தக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்பது அவர் பயம்.

அங்கிருந்து பேராசிரியர் அமெரிக்காவுக்குப் போனார். 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியாவில் படித்தபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் ஜான் டூயி. ஜனநாயகம் என்பது ஆட்சிமுறைக்கு முன்னால் ஒரு வாழ்க்கைமுறை, பக்கத்து வீட்டுக்காரர்கள் தெருமுனையில் நின்று பயமில்லாமல் பேசிக்கொள்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்று நினைத்தவர். 1952 ஜூனில் கொலம்பியா கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க அழைத்து அம்பேத்கர் போனபோது, பழைய ஆசிரியரைப் பார்த்துவிடலாம் என்ற ஆசையோடுதான் போனார். அவர் வந்து சேருவதற்குள் டூயி ஜூன் முதல் தேதி இறந்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் சற்று நேரம் பேசவில்லை. தன் ஆசிரியர் யாரையோ நினைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு, “தெருமுனைன்னு டூயி சொன்னது நமக்கு டீக்கடை. டீக்கடையில என்னென்ன டம்ளர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதைவிட எனக்கு உறைத்தது அடுத்து அவர் சொன்னது. நம் மொழியில் ‘வா’ இருக்கிறது, ‘வாங்க’ இருக்கிறது. யாரை எதில் கூப்பிடுகிறோம் என்று ஒரு நாள் முழுக்க எண்ணிப்பாருங்கள், அதில் உங்கள் அரசியல் சட்டம் தெரிந்துவிடும் என்றார். நான் அங்கேயே எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தலைவரம்மாவை, என் அம்மா வயது அவருக்கு, நான் ‘வாங்க’ என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ‘வா’ என்றும் கூப்பிட்டதில்லை. வினைச்சொல்லே வராமல் பேச்சை முடிக்கிற சாமர்த்தியம் எனக்கு இருந்தது.

கடைசியில், அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்ததைச் சொல்லி, அது பெரிய காரியம் என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் துணைத்தலைவர் தட்டிய தட்டு தனியாகக் கேட்டது.

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச்சொல்லி, வாங்கி அடுக்கி மேடைக்குத் தருவது என் வேலை. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் சீட்டெல்லாம் எழுதாமல் எழுந்து, “எமர்ஜென்சியில ரயிலெல்லாம் கரெக்டா வந்துச்சே சார்?” என்றார். “வந்துச்சுன்னுதான் பேப்பர்ல போட்டிருந்தான். லேட்டா வந்திருந்தா யாருய்யா எழுதியிருக்கப் போறா?” என்றார் பேராசிரியர். ஓட்டுக்குப் பணம் பற்றி மூன்று சீட்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில். ‘தத்துவம் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று ஒரு கல்லூரிப் பையன். “எனக்குக் கிடைச்சது. உனக்குத் தெரியலை” என்றார்.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு மறைந்தது. நான்கு கோடு போட்ட இங்கிலீஷ் காப்பி நோட்டில் கிழித்த தாள். பென்சில் எழுத்து.

‘தலைவரு வெளிய உக்காந்து கைநாட்டு வச்சா அது செல்லுமா’

பெயர் இல்லை. பெயர் எதற்கு? ‘ரு’வின் வாலைக் கோட்டுக்குக் கீழே கொண்டுபோய் மீன்தூண்டில் மாதிரி வளைக்கிற ஒரே பிள்ளை என் ஐந்தாம் வகுப்பில்தான் இருந்தாள். அந்த வாலை நிமிர்த்த ஜூன் மாதத்திலிருந்து போராடிக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பத்தாதான் எங்கள் ஊராட்சித் தலைவர்.

கேள்வியின் பொருளும் எனக்குத் தெரியும். ஜன்னலில் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே. காலையில் துணைத்தலைவர் வந்து உள்ளே நாற்காலியில் உட்காருவார். தலைவரம்மா களையெடுப்பை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து வராண்டாப் படியில் உட்காருவார். கிளார்க் பதிவேட்டையும் மைப்பெட்டியையும் வெளியே எடுத்து வருவார். பெருவிரலைப் பிடித்து அவரே அழுத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அம்மா எழுந்து போவார். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் பணம் வரும் என்பது சட்டம். தலைவர் தனியாக எதையும் சுருட்டிவிடக்கூடாது என்று செய்த ஏற்பாடு. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு; துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாற்காலி யாருக்குப் போகும் என்று கணக்கு வாத்தியார் தேவையில்லை.

சீட்டை நான் மேடைக்குக் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காரணம் சொல்லலாம். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் வேலை துணைத்தலைவர் தயவில் நிற்கிறது. மைக்செட்டுக் காசு அவருடையது. ‘ரு’வின் வாலை என்னைப்போல வேறு யாராவது கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம். மூன்றும் நிஜம்தான். ஆனால் சீட்டு பைக்குள் போன பிறகுதான் மூன்றும் என் மனதில் வந்தன. கை முதலிலேயே முடிவு எடுத்துவிட்டது.

கூட்டம் முடிந்து, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்து, சேவுப் பொட்டலமும் காபியும் விநியோகித்துக்கொண்டிருந்தபோது உளவுப்பிரிவுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “சார், பூராம் கேட்டேன். நல்லாத்தான் பேசுனாரு. ஆனா ஜனநாயகத்துக்கு ஆபத்து யாராலங்கிறதைக் கடைசிவரைக்கும் சொல்லலையே. ஒரு வரி இருந்தாச் சொல்லுங்க, ரிப்போர்ட்டுல போடணும்.” எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. “பொதுவாப் பேசுனாருன்னு போட்டுக்கங்க” என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

எட்டரை மணி மதுரை பஸ்ஸுக்குப் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு போனது நான். புளியமரத்தடியில் அப்போது யாரும் இல்லை. பஸ் நிலைய விளக்கடியில் நின்றபோது, என்னவோ உந்த, சீட்டை எடுத்து நீட்டினேன். “ஒரு கேள்வி விட்டுப்போச்சுங்கய்யா.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“செல்லும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சட்டப்படி செல்லும். உள்ள வச்சாலும் வெளிய வச்சாலும் செல்லும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மேடையில ஏன் தம்பி தரலை?”

“கடைசியாத்தான் வந்துச்சுங்கய்யா.”

“யாரு எழுதுனது?”

“தெரியலைங்கய்யா.”

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், சீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை வெளியே நீட்டினார். “பத்திரமா வச்சுக்க. ஒன்றரை மணி நேரம் நான் பேசுனதுல இதைக் காணோம்” என்றார். நான் இரண்டு பொய் சொல்லியிருந்ததை அவர் நம்பினாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்து உள்ளே வரும்போது அந்தப் பிள்ளை என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சார், எங்க அப்பத்தா கேக்கச் சொன்னுச்சு. அந்த அய்யா என்ன சொன்னாரு?”

எனக்கு முகம் சுட்டது. “செல்லும்னு சொன்னாரும்மா.”

“மைக்ல வாசிக்கவேயில்லையே சார்? நாங்க கடைசி வரைக்கும் மரத்துக்கிட்டயே நின்னோம். அப்பத்தாவுக்குக் காலு வீங்கிப்போச்சு.”

“நேரம் ஆகிப்போச்சும்மா. அதான் தனியாக் கேட்டேன்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு வாத்தியார் சொல்வதைச் சந்தேகிக்கத் தோன்றாது என்பதில் எனக்கு அன்றைக்கு இருந்த ஆறுதல், இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாலு நாள் கழித்து, அடிபம்பில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தலைவரம்மா குடத்தோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

“செல்லும்னு சொன்னாராமே சார், அந்தப் பெரியவரு?”

“ஆமா.”

“செல்லும்னா...” குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். “வைக்காட்டி செல்லாதுல்ல?”

நானும் பேராசிரியரும், தையல் கடையில் இருந்த அத்தனை புத்தகமும் அந்தச் சீட்டை ஒரு முறையீடாகத்தான் வாசித்திருப்போம். அவர் கேட்டது முறையீடு இல்லை. தன் விரல் எவ்வளவு பெறும் என்று விலை விசாரித்திருக்கிறார்.

“செல்லாதுங்கம்மா” என்றேன். “நீங்க வைக்காம ஒண்ணும் நடக்காது.” ‘நீங்க’ என்று வாயிலிருந்து வந்ததை நான்தான் கவனித்தேன்; அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் ஊராட்சி அலுவலகத்துக்கு வரவில்லை. மேலுக்குச் சரியில்லை என்று சொல்லியனுப்பினார். கிளார்க் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா காட்டில். காட்டுக்குப் போனால், “மிளகாய்ச் செடிக்குள்ள மை வைக்கக் கூடாது சாமி, ஆபீஸ்ல வச்சு வைக்கிறேன்” என்பார். அலுவலகத்துக்கும் வருவதில்லை. தண்ணி மோட்டார் போடுகிறவருக்குச் சம்பளம் நின்றது. தெருவிளக்குக்குப் பல்பு வாங்கிய கடைக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். துணைத்தலைவர் இரண்டு நாள் கோபமாக இருந்தார். ஊரில் சிலர் தடித்த வார்த்தைகள் பேசினார்கள். தோட்ட வேலைக்கு அந்த அம்மாவைக் கூப்பிட வேண்டாம் என்றார்கள். அது மிளகாய்க்கும் பருத்திக்கும் களையெடுக்கும் நேரம். மழை வேறு பெய்து களை மண்டிக் கிடந்தது. கூப்பிட்டார்கள்.

டிசம்பர் நடுவில் ஒருநாள் கிளார்க் ஜன்னலில் எட்டிப்பார்த்தார். “சார், ஒரு சேர் இருந்தாக் குடுங்களேன். எங்க ஸ்டாக்குல ஒண்ணுதான் இருக்கு.” கேட்ட தினுசிலேயே யாருக்கு என்று விளங்கிவிட்டது. பிள்ளைகளிடம் சொல்லி எங்கள் மர நாற்காலி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஏழு என்று எண் போட்டிருக்கும். தூக்கிக்கொண்டு போனது அந்தப் பிள்ளையும் இன்னொரு பையனும். அதை வராண்டாவில் போட்டார்கள். உள்ளே போடவில்லை. படியிலிருந்து நாற்காலிக்கு ஒன்றரை அடி உயரம் இருக்கும். அதற்கே அவ்வளவு நாள் ஆனது. மறுநாள் காலை அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பெருவிரலைத் தானே மையில் ஒற்றி, தானே வைத்தார். கிளார்க் பிடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பெருமழை. சாரல் வராண்டாவை நனைத்தது. அம்மா எழுந்து, நாற்காலியை இரண்டு கையாலும் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மழைக்குத்தானே என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வகுப்பில் வாய்ப்பாடு பாதியில் நின்றது. பிள்ளைகள் எல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழை விட்டதும் நாற்காலி மறுபடி வெளியே வந்துவிட்டது. தை பிறந்து மழை நின்றபின் அது உள்ளே போகிற வாய்ப்பும் குறைந்துபோனது.

மார்ச் மாதக் கடைசியில் தலைமை ஆசிரியர் இருப்புச் சரிபார்த்தார். நாற்காலி ஒன்று குறைந்தது. ஏழாம் எண். நான்தான் கொடுத்தேன் என்றேன்.

“எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க” என்று பதிவேட்டை நகர்த்தினார். ‘ஏழாம் எண் நாற்காலி ஊராட்சித் தலைவர் உபயோகத்தில் உள்ளது’ என்று எழுதினேன். இருக்குமிடம் என்று அடுத்த கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

“என்ன சார்?”

“வெயில்ல வராண்டா, மழையில உள்ள. எதைப் போட?”

தலைமை ஆசிரியர் அனுபவஸ்தர். “ரெண்டையும் போடாதீங்க. ஊராட்சி அலுவலகம்னு மட்டும் போடுங்க” என்றார்.

அப்படியே போட்டேன்.